சுடோக்கு போதுமா, புதிதாக ஏதாவது கற்க வேண்டுமா?

மேலமாசிவீதி | 8 ஜூன், காலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். வயது 61. வங்கியில் 34 ஆண்டுகள் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் ஆள் வரிசையில் நிற்கும்போதே அவருடைய கணக்கு எண்ணைச் சொல்லிவிடுவேன். போன வாரம் மொட்டை மாடிக்கு ஏறினேன். எதற்கு ஏறினேன் என்பது நினைவில்லை. வெறுங்கையோடு இறங்க வெட்கப்பட்டு, கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தேன். துணி இன்னும் காயவே இல்லை என்று மனைவி திருப்பி அனுப்பிவிட்டாள்.

மருத்துவரிடம் போனேன். சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை, வயதுதான், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

ஐந்து ஆண்டுகளாகத் தினமும் குறுக்கெழுத்தும் சுடோக்குவும் போடுகிறேன். ‘மிகக் கடினம்’ என்று போட்டிருப்பதையே காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். இதற்குமேல் மூளைக்கு என்ன வேலை கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குருவிக்கூடு | 8 ஜூன், காலை 7.25

சுடோக்குவை விட்டுவிடாதீர்கள் ஐயா. கூடவே போனில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். என் ‘மூளை வயது’ 52இல் இருந்து 38க்கு இறங்கிவிட்டதாகக் காட்டுகிறது. முழங்கால் வயதுதான் 67இலேயே நிற்கிறது.

கணக்கன் | 8 ஜூன், காலை 9.10

குருவிக்கூடு ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த 38 என்பது அந்த விளையாட்டில் உங்களுக்கு ஏறியிருக்கும் பழக்கம். விளையாட்டு மதிப்பெண்ணை வைத்து மூளைக்கு வயது போட்டுத் தர முடியாது.

அமெரிக்காவில் ‘ஆக்டிவ்’ என்று ஓர் ஆய்வு நடந்தது. 65 வயது கடந்த 2,832 பேர். ஒரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சி, இன்னொன்றுக்குத் தர்க்கம், மூன்றாவதற்குக் கண்ணில் பட்டதைச் சட்டென்று பிடிக்கும் வேகம். நான்காவது குழுவுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. 2002இல் முடிவு வெளியானது: எதைப் பயின்றார்களோ அதில் முன்னேறினார்கள். பட்டியலை மனப்பாடம் செய்யக் கற்றவருக்குத் தர்க்கம் கூடவில்லை. தர்க்கம் பயின்றவருக்கு நினைவு கூடவில்லை. சுடோக்குவும் அப்படித்தான். நாள்தோறும் போட்டால் சுடோக்கு நன்றாக வரும்.

இன்னோர் ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. டெக்சாஸில் டெனிஸ் பார்க் என்பவரின் குழு 2014இல் வெளியிட்டது. 60 முதல் 90 வயது வரை 221 பேர். சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலருக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது, சிலருக்கு இரண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு கூட்டம் சேர்ந்து சமைத்து, சுற்றுலா போய், அரட்டை அடித்தது. வேறு சிலர் வீட்டில் இசை கேட்டு, சொல் விளையாட்டு ஆடினார்கள். கடைசியில் நினைவாற்றல் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது, கையில் கேமராவும் ஊசியும் பிடித்துத் தடுமாறியவர்களிடம்தான். மலையளவு முன்னேற்றம் அல்ல. ஆனால் அரட்டைக் கூட்டத்துக்கு அது வரவில்லை.

மேலமாசிவீதி | 8 ஜூன், காலை 9.32

வாரம் 15 மணி நேரமா? ஓய்வு பெற்றதே வேலையில் இருந்து தப்பிக்கத்தான் ஐயா.

பொன்னித்துறை | 8 ஜூன், இரவு 9.50

என் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தேன். இப்போது 66 வயது. கும்பகோணம் பக்கம் சிற்றூர்; வாசலில் இருந்து நாற்பது அடியில் சிவன் கோயில். பிள்ளைப் பிராயம் முதல் அதன் வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன். முதுகில் பதிந்த எழுத்து என்ன சொல்கிறது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வார இறுதியில் கல்வெட்டு வாசிக்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். என்னைத் தவிர எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள்.

தமிழ்தானே, என்ன பெரிய விஷயம் என்றுதான் போனேன். சோழர் கால எழுத்தில் புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றே, ஒகரமும் ஓகாரமும் ஒன்றே. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது; கல் முடிந்த இடத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குப் போய்விடுவான். நடுநடுவே கிரந்த எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ர’வும், ‘கா’வில் வருகிற காலும் ஒரே கோடு. எது ரகரம், எது கால் என்று பொருளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பொருளைப் பிடிக்கவோ எழுத்து தெரிய வேண்டும்.

என் ஊர்ச் சுவரில் ஒரு வரி. ‘சாவா மூவா’ வரைக்கும் வந்துவிட்டேன். அடுத்து ஒரு கொம்பு, ஒரு ப, இரண்டு கோடுகள், ஒரு டு. நான் முதல் கோட்டைக் காலாகவும் இரண்டாவதை ரகரமாகவும் எடுத்துக்கொண்டு ‘போரடு’ என்று படித்தேன். சாவா மூவாப் போர்! அடு என்றால் கொல். இறவாத, மூப்படையாத ஒரு போர்வீரன் நம் ஊரில் இருந்திருக்கிறான் என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் அந்த வீரனோடுதான் வாழ்ந்தேன். பேரனுக்குக் கதைகூடச் சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் வந்து டார்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்தார். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. பக்கத்தில் இருந்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். (மாவோ சுண்ணாம்போ தடவிப் படிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், கல் கெடுகிறது.) பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஐயா, இது போர் அல்ல, ஆடு.” முதல் கோடு ரகரம், இரண்டாவதுதான் கால். பேராடு. சாவா மூவாப் பேராடு. அதற்கு அடுத்து இருந்த ௯௰ என்ற குறிகளை ஏதோ சித்திர வேலை என்று தாண்டியிருந்தேன். அது தொண்ணூறு.

கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய ஒருவர் தொண்ணூறு ஆடு கொடுக்கிறார். இடையர் அதை ஏற்றுக்கொண்டு நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடும் சாவதும் போகப் புதுக்குட்டி வந்து சேரும். கணக்கு என்றைக்கும் தொண்ணூறு. அதனால்தான் சாவா ஆடு, மூவா ஆடு. சந்திரன் சூரியன் உள்ளவரைக்கும் என்று ஒப்பந்தம்.

வீரன் போய் ஆடு வந்ததில் பேரனுக்குத்தான் வருத்தம்.

மேலமாசிவீதி | 9 ஜூன், காலை 6.15

இரவு முழுக்க அந்த ஆடுகள்தான் நினைவில். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்: இரண்டு ஆண்டில் ஞாபக சக்தி கூடியதா?

பொன்னித்துறை | 9 ஜூன், காலை 6.58

உண்மையைச் சொன்னால், மூக்குக்கண்ணாடி இன்னும் காணாமல்தான் போகிறது. கொத்தமல்லி வாங்கப் போய்ப் புதினா வாங்கி வருகிறேன். ஆனால் வேலி, மா, காணி, முந்திரி என்ற நில அளவு எல்லாம் தலையில் நிற்கிறது. மாவில் நான்கில் ஒன்று காணி, காணியில் நான்கில் ஒன்று முந்திரி, அதாவது வேலியில் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தேவைப்பட்டதும் பிடித்ததும் நிற்கிறது, புதினா நிற்பதில்லை. இதனால் வீட்டில் என் மரியாதை கூடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வெள்ளைப்பூண்டு | 9 ஜூன், பிற்பகல் 2.20

எல்லோரும் சிரித்துப் பேசுகிற இடத்தில் இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் அப்பா கணித ஆசிரியர். ஓய்வு பெற்றபின் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றார். தெருப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார். பேத்தி பிறந்தநாளுக்கு வெண்பா எழுதுவார், தளை தட்டினால் இரவெல்லாம் உட்கார்ந்து திருத்துவார். 71 வயதில் சொந்த வீட்டில் குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றார். 74இல் என்னைப் பார்த்து, “அம்மா, நீங்கள் யார் வீட்டுப் பெண்?” என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கும் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிசகாமல் சொன்னார்.

பார்க்க வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் இது வராதாமே என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவரைவிட யார் வேலை கொடுத்தார்கள்? புதிதாகக் கற்றால் மறதி நோய் வராது என்று எழுதும் ஒவ்வொருவரும், வந்தவர்களை ‘நீ சும்மா இருந்துவிட்டாய்’ என்று சொல்கிறீர்கள். அதை யோசித்து எழுதுங்கள்.

கணக்கன் | 9 ஜூன், மாலை 5.45

அக்கா, நான் எழுதியதில் அந்தத் தொனி இருந்திருந்தால் மன்னியுங்கள்.

நீங்கள் சொல்வதை ஆராய்ச்சியாளர்களும் மறுப்பதில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது: கல்விக் குறைவு, காது கேளாமை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை, காற்று மாசு இப்படி. அத்தனையையும் ஒழித்துவிட்டாலும் உலகில் வரும் டிமென்ஷியாவில் 45 விழுக்காடுதான் தவிரும் அல்லது தள்ளிப்போகும் என்பது அவர்கள் மதிப்பீடு. இன்றைக்குத் தெரிந்தவரை, மீதிப் பாதிக்கு மேல் யார் கையிலும் இல்லை. இந்த எண்ணை மட்டும் ஏனோ யாரும் பகிர்வதில்லை.

கற்பது என்ன செய்யும்? நோய் வராமல் தடுக்கும் என்பதைவிட, நோய் வெளியே தெரிவதைத் தாமதப்படுத்தலாம் என்பதுதான் சரியான பேச்சு. 1988இல் காட்ஸ்மன் என்பவரின் குழு, முதியோர் இல்லத்தில் இறந்த 137 பேரின் மூளையைப் பரிசோதித்தது. அவர்களில் பத்துப் பேருக்கு மூளையில் அல்சைமர் நோயின் தடயம் நிறைய. உயிரோடு இருந்தபோதோ நன்றாகவே இருந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் 678 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் இப்படிப்பட்டவர்கள் கிடைத்தார்கள். மூளைக்கு ஏதோ கையிருப்பு இருக்கிறது, அது சேதத்தைச் சில காலம் சமாளிக்கிறது என்கிறார்கள். கையிருப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, அது தீர்ந்தபின் சரிவு வேகமாகத் தெரிவதும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் சும்மா இருந்துவிட்டார் என்று சொல்ல அந்தக் காப்பி விருந்தாளிகளுக்கும் உரிமை இல்லை.

இன்னொன்று. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லடி தலைமையில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு, ஒரே மொழி பேசுகிறவர்களைவிட நோய் சராசரியாக நாலரை ஆண்டு தள்ளி வந்திருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அப்படி. அதனால் இது படிப்பாளிகளின் தனிச்சொத்து அல்ல. இருந்தாலும் இது மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஒப்பீடு. மொழிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

வெள்ளைப்பூண்டு | 9 ஜூன், மாலை 6.30

நன்றி தம்பி. 45ஐச் சொல்லும்போது 55ஐயும் சொல்லுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

சூரிச்சரசு | 10 ஜூன், அதிகாலை 2.05

நான் யாழ்ப்பாணத்துக்காரி. சுவிஸுக்கு வந்து பல ஆண்டுகள். உணவகச் சமையலறையில் வேலை. அங்கே பாதிப் பேர் தமிழர், ஜெர்மன் இல்லாமலேயே காலம் ஓடிவிட்டது. 53 வயதில்தான் வகுப்புக்குப் போனேன். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை: டேர் லோஃபல், டி காபல், டாஸ் மெஸ்ஸர். ஏன் என்று கேட்டால் ஆசிரியைக்கும் தெரியாது. ஒரே ஆறுதல், துணைவாக்கியத்தில் வினைச்சொல் நம் தமிழைப் போலக் கடைசியில் வரும். என் பக்கத்தில் இருந்த ஸ்பானியக்காரர் அங்கேதான் விழுவார். எனக்கு அந்த இடத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஓராண்டாகியும் கேட்டு எழுதும் பயிற்சியில் தேறவே இல்லை. தலைக்குள் ஏறவில்லை, வயது போய்விட்டது என்று நிறுத்தப் பார்த்தேன். ஆசிரியைதான் காதைச் சோதிக்கச் சொன்னார். இரண்டு காதிலும் மேல் சுருதி ஒலிகள் மங்கியிருந்தன. தமிழில் பேசினால் பாதியைக் கேட்டு மீதியை நாமாகவே நிரப்பிக்கொள்வோம். தெரியாத மொழியில் எதைக் கொண்டு நிரப்புவது? கருவி போட்ட அடுத்த வாரம் ‘எஃப்’பும் ‘எஸ்’ஸும் வெவ்வேறு ஒலி என்று தெரிந்தது. மறதி என்று பயப்படுகிறவர்கள் காதையும் ஒருமுறை பாருங்கள்.

நான்குசக்கரம் | 10 ஜூன், காலை 10.40

சென்னையில் 22 ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். முதல் பத்து ஆண்டுகளில் மயிலாப்பூர் மாடவீதியில் இருந்து பெரம்பூர் வரைக்கும் எந்தச் சந்தில் நுழைந்து எதில் வெளியே வருவது என்பதெல்லாம் மனப்பாடம். இப்போது போன் வலது என்றால் வலது, இடது என்றால் இடது. போன மாதம் போன் அணைந்துவிட்டது. நான் நூறு முறை போன தெருவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு விழித்தேன். கற்றது இப்படியும் போகுமா?

கணக்கன் | 10 ஜூன், காலை 11.30

அண்ணா, உங்கள் தொழில்தான் இந்தத் துறையிலேயே பேர்போன உதாரணம். லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட ‘நாலெட்ஜ்’ என்ற தேர்வில் தேற வேண்டும். சாரிங் கிராஸில் இருந்து ஆறு மைல் தொலைவுக்குள் சுமார் 25,000 தெருக்கள் தலையில் இருக்க வேண்டும். படித்து முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எலினார் மாக்வயர் 2000இல் அந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வழியை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. பிறவியிலேயே பெரிதோ என்று கேட்பார்களே? 2011இல், பயிற்சிக்கு வந்த 79 பேரை முன்னும் பின்னும் பார்த்தார்கள். தேறியவர் 39 பேர். வளர்ச்சி தெரிந்தது தேறியவர்களுக்குத்தான்.

போகுமா என்று கேட்டீர்கள். 2004இல் ஜெர்மனியில் சிலருக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மூளையின் ஒரு பகுதி சற்றே பருத்தது. அடுத்த மூன்று மாதம் பந்தைத் தொடாமல் இருந்தார்கள். பருத்ததில் பெரும்பங்கு வடிந்துவிட்டது.

நான்குசக்கரம் | 10 ஜூன், காலை 11.52

சரி, இனிச் சவாரி இல்லாத நேரத்தில் போனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன். சவாரி இருக்கும்போது முடியாது. வழி தவறினால் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார்கள்.

மருதாணி | 10 ஜூன், இரவு 8.15

வீட்டில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவர்களும் வருகிறார்கள். தொடக்கப் பாடமான சரளி வரிசையில் பத்து வயதுப் பிள்ளை தவறான மெட்டில் விரலை வைத்தால், நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடும். ஐம்பது வயதுக்காரர் அங்கேயே நின்று, நேற்று வீட்டில் சரியாக வந்தது என்று வாக்குமூலம் கொடுப்பார். பெரியவர்களுக்கு விரல் வராமல் போவதில்லை. தப்பாக வாசிப்பதை இன்னொருவர் கேட்பதுதான் தாங்க முடியவில்லை.

இன்னொரு தொந்தரவு, வீடியோ. நாற்பது வீடியோ பார்த்துவிட்டு வருவார்கள். மாயாமாளவகௌளை ராகத்தின் ஆரோகணம் அவரோகணம் கேட்டால் டக்கென்று சொல்வார்கள். போனை வைத்துவிட்டு வாசியுங்கள் என்றால் மூன்றாவது வரிசையில் காணாமல் போவார்கள்.

கணக்கன் | 10 ஜூன், இரவு 8.50

மருதாணி அம்மா சொல்வதற்கு ஓர் ஆய்வே உண்டு. 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் படித்தது. மற்றொன்று படித்துவிட்டு மூடி வைத்து நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்த கூட்டம் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மூடி வைத்த கூட்டம் முந்தியது.

குருவிக்கூடு | 10 ஜூன், இரவு 9.05

சந்தாவை ரத்து செய்யலாம் என்று பார்த்தால் கடவுச்சொல் மறந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

மேலமாசிவீதி | 2 ஜூலை, மாலை 4.30

மூன்று வாரமாக ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். கற்றுக்கொண்டிருந்தேன்.

கல்வெட்டுக்கு வகுப்பு தேடினேன், பக்கத்தில் இல்லை. வீணைக்குக் காது போதாது. அப்போதுதான் வீட்டிலேயே ஒரு வகுப்பு இருப்பது உறைத்தது. மனைவி முப்பது ஆண்டுகளாக மிதி மெஷினில் தைக்கிறாள். அந்த மெஷினை நான் நகர்த்தி வைத்திருக்கிறேனே தவிர, தொட்டதில்லை. சொல்லிக்கொடு என்றதும் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்: முதல் வாரம் நூல் கிடையாது, துணி கிடையாது, வெறும் மிதி.

அதுவே வரவில்லை. சக்கரத்தைக் கையால் முன்னுக்குத் தள்ளி விட்டுத்தான் மிதிக்க வேண்டும். காலை ஒரு நொடி தாமதித்து அழுத்தினால் சக்கரம் பின்னுக்குச் சுற்றுகிறது. நூல் கோத்திருந்தால் அந்த நொடியில் அறுந்துவிடும். கட்டுக்கட்டாக நோட்டு எண்ணிய கை ஒரு பக்கம் போகிறது, கால் ஒரு பக்கம் போகிறது. நாலாம் நாள் என்னை அறியாமல் பத்து எண்ணும் வரைக்கும் சக்கரம் ஒரே திசையில் ஓடியது. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று திரும்பினால், வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஓடுவது பெரிதில்லை, நிறுத்து பார்க்கலாம்” என்றாள்.

இரண்டாம் வாரம் பழைய செய்தித்தாளில் கோடு போட்டு, நூல் இல்லாத ஊசியால் கோட்டின்மேலேயே ஓட்டிப் பழகினேன். சுடோக்கு வரும் பக்கத்தைத்தான் எடுத்தேன்; கட்டம் தயாராக இருக்கிறதே. மூன்றாம் வாரம் தலையணை உறை. மூன்று பக்கம் அடித்தேன், நான்காவது பக்கத்தையும் உற்சாகத்தில் அடித்துவிட்டேன். தலையணை இன்னும் வெளியேதான் இருக்கிறது.

ஞாபகம் கூடியதா என்று கேட்காதீர்கள். நேற்றும் மாடிக்குப் போய் விழித்தேன். இப்போது ஒரு சந்தேகம்: மேலே தையல் அழகாக விழுகிறது, துணியைத் திருப்பினால் அடியில் நூல் பந்து பந்தாகச் சிக்கியிருக்கிறது. அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி இரண்டு முறை மாற்றிப் போட்டுவிட்டேன். மனைவியைக் கேட்டால், நீயே கண்டுபிடி என்கிறாள். யாருக்காவது தெரியுமா?

வெள்ளைப்பூண்டு | 2 ஜூலை, மாலை 5.10

அடியில் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். தப்பு மேல்நூலில் இருக்கும். நூலை இறுக்கிப் பிடிக்க முன்பக்கம் இரண்டு வட்டத் தட்டுகள் இருக்கின்றன அல்லவா, நூல் அதன் நடுவே போகாமல் மேலோடு கிடக்கும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொண்டு நூலை உள்ளே விடாது. கோத்தபின் பாதத்தை இறக்கி, நூலை மெல்ல இழுங்கள். இழுவை தெரிந்தால் சரி.

மேலமாசிவீதி | 2 ஜூலை, மாலை 5.48

பாதத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் கோத்துக்கொண்டிருந்தேன். இப்போது அடியிலும் நேர்கோடு. நான்காவது பக்கத்தைப் பிரிக்கப் போகிறேன். பிரிப்பதற்குக் கத்தரிக்கோலா, பிளேடா?

வெள்ளைப்பூண்டு | 2 ஜூலை, மாலை 5.55

பிளேடு வேண்டாம் ஐயா, துணி போய்விடும். நான்கு தையலுக்கு ஒன்றாக ஊசியால் நெம்பி அறுத்துக்கொண்டே வாருங்கள், பிறகு மறுபக்க நூலை இழுத்தால் முழுதாக வந்துவிடும்.